பெண்களுக்கான வணிக, கணினிக் கற்கைநெறி: திருகோணமலையில் பன்னிரண்டு சனிக்கிழமைகள்

திருகோணமலை நகரில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையம் பெண்களுக்கென்றே நடத்தும் வணிகத் தலைமைத்துவ, தகவல் தொழில்நுட்பக் கற்கைநெறியைக் கடந்த மாதம் முடித்தேன். கிண்ணியாவில் வீட்டோடு தையல் தொழில் நடத்தி, இன்று நான்கு பெண்களுக்கு வேலை கொடுக்கும் எனக்கு, கொப்பியில் எழுதிவந்த கணக்கைக் கணினிக்கு மாற்றுவது மட்டுமே சேரும்போது நோக்கமாக இருந்தது.

அது மூன்றாம் வாரத்திலேயே கைகூடியது. துணி, நூல், மின்சாரம், கூலி என ஒவ்வொன்றையும் விரிதாளில் தனித்தனி நிரலில் பதிந்து ஒரு பாடசாலைச் சீருடையின் அடக்கவிலையைக் கணக்கிட்டபோது, இத்தனை ஆண்டுகளாக என் சொந்த உழைப்புக்கு ஒரு சதமும் போடாமல் விலை சொல்லி வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. "அக்கா, உங்கட நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு, அதை முதல் வரியிலேயே போடுங்க" என்று சொன்ன வளவாளர், கோணேசபுரியில் உள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்த இளம்பெண். தெளிவான தமிழில், எந்தக் கேள்வியையும் சிறிதென்று கருதாமல் கற்பித்தார். கட்டணம் முழுவதும் அவருடைய வகுப்புகளுக்கே தகும்.

ஏழாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் எங்களில் ஒருவர் தலைமை தாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் மிக நல்லது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் கலந்திருந்த அந்த வகுப்பில் அதுவரை வாய் திறக்காதிருந்த மூதூர்ச் சகோதரி ஒருவர், கடன் வாங்குவதா இருப்பைக் குறைப்பதா என்ற விவாதத்தை நேரம் பிசகாமல் நடத்தி முடிவுக்குக் கொண்டுவந்தார்.

முன்மாதிரிப் பெண்கள் பற்றிய அமர்வு அத்தனை ஆழமாக இல்லை. சென்னையில் பிறந்து 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்திய இந்திரா நூயியையும், 2009 இல் சிராக்ஸின் தலைமைப் பொறுப்பை ஏற்று, அமெரிக்காவின் பெருநிறுவனப் பட்டியலான பார்ச்சூன் 500 இல் இடம்பெற்ற நிறுவனமொன்றை நடத்திய முதற் கறுப்பினப் பெண்ணான உர்சுலா பர்ன்ஸையும் படங்களாகக் காட்டிக் கடந்துவிட்டார்கள். பர்ன்ஸ் 1980 இல் கோடைகாலப் பயிலுநராக அதே நிறுவனத்தில் நுழைந்த இயந்திரப் பொறியியலாளர். இடையில் மூத்த நிர்வாகிகளின் உதவியாளராக அருகிலிருந்து வேலை கற்றவர். அந்த 29 ஆண்டுகளைத்தான் எங்களுக்கு விரித்துச் சொல்லியிருக்க வேண்டும், ஏனெனில் சிறுபான்மைச் சமூகத்துப் பெண் ஒருத்திக்குத் திறமையோடு, முடிவெடுக்கும் மேசைக்கருகே ஓர் இருக்கையும் எப்படிக் கிடைத்தது என்பது அதில்தான் இருக்கிறது.

என் பெரிய மனக்குறையும் இதையொட்டியதே. பெண்களுக்கான இந்த வகுப்பு விரிதாளோடும் முகநூல் விளம்பரத்தோடும் நின்றுவிடுகிறது. நிரலாக்கமும் இணையச் செயலி உருவாக்கமும் கற்பிக்கும் உயர்நிலை வகுப்பு மாலை 5.30 மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிகிறது. கிண்ணியா, மூதூர், குச்சவெளியிலிருந்து வரும் ஒரு தாயால் அதில் சேர இயலாது. அதற்கான கைந்நூலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. பாடசாலைகளின் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியபின் அதைத் தமிழிலேயே படித்த பிள்ளைகள் இங்கு இருக்கையில், தமிழ்க் கைந்நூல் ஒன்றைத் தயாரிக்க ஆளில்லை என்று நான் நம்பவில்லை.

சிறுதொழில் நடத்தும் பெண்கள் தயங்காமல் சேரலாம். உயர்நிலை வகுப்பை ஞாயிறு காலையிலும் நடத்தும்படி பதினான்கு பேர் கையொப்பமிட்ட கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். அனுமதி கிடைத்தால் முதல் விண்ணப்பம் என்னுடையதாக இருக்கும்.