மொறிஸ் மைனர் பிக்கப்புக்குச் சேசி வேலை கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சேசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், துருப்பிடித்துவிட்டது என்று பழைய மைனர் பிக்கப்பைக் கராஜில் விட யோசிப்பவர்கள், இதை வாசித்துவிட்டு விடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் எனக்கு நடந்தது இது. பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

மைனர் காருக்குத் தனிச் சேசி கிடையாது, பொடியே (வெளிக்கூடே) சட்டம். 1953இல் வந்த பிக்கப்பும் வானும் வேறு. நீளமாக இரண்டு பெட்டிச் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டங்கள், கபினும் பின்பெட்டியும் அதற்கு மேல். பெட்டிச் சட்டத்துக்குள் தண்ணீர் போனால் வெளியேறாது, உப்புக் காற்று வேறு. உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். என்னுடையது, போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின காலத்தையும் தாண்டி வந்த வண்டி. பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்தில் ஸ்குறூ டிரைவரால் குத்தினால் நேராக உள்ளே போனது.

பேசியது இதுதான்: பழுதான நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, 2 மி.மீ. தகட்டில் புதுப் பெட்டி அடித்து வைப்பது. பாதிக்கு மேல் முற்பணம். வேலையைப் பார்க்கப் போனால், "அண்ணை, கீழை வராதேங்கோ, உடுப்பு ஊத்தையாப் போயிடும்" என்று பாஸ் சிரிப்பார். வெட்டின இரும்பைக் காட்டச் சொன்னேன். பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம்.

வண்டி வந்தபோது அடி முழுக்கக் கறுப்புத் தார்ப் பூச்சு. பார்க்க வடிவு. ஆனால் பின்னால் நாலு சீமெந்துப் பை ஏற்றினால் கதவின் மேல் இடைவெளி விரிந்தது, கதவு பூட்டவில்லை. போன் எடுத்தால், "பிணைச்சல் தேஞ்சு போச்சு, பழைய வாகனம்தானே அண்ணை." பிணைச்சல் தேய்ந்தால் கதவு எப்போதும் தொங்கும். பாரம் ஏற்றும்போது மட்டும் இடைவெளி மாறுகிறது என்றால் வளைவது சேசி.

வேறொரு வெல்டிங்காரர் தூக்கி வைத்துத் தாரைச் சுரண்டினார். தாருக்குக் கீழே பட்டி, பெயின்டுக்கு முன் பள்ளம் நிரப்பப் பூசும் பசை. பட்டிக்குக் கீழே கூரைத் தகரம் போன்ற ஒரு தகடு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வெல்டிங். அதைப் பிரித்தால் அதே பழைய சட்டம், கையால் அள்ளுகிற அளவுக்குத் துரு. வெட்டவே இல்லை. ஒரு ஓட்டைக்குள் பேப்பர் கசக்கி அடைத்திருந்தார்கள். ராசிபலன் பக்கம். எனக்கு வாகன யோகம் இருந்ததா என்று பார்க்கலாம் என்றால் பட்டி ஒட்டியிருந்தது.

எனக்குப் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். மைனரில் முன்பக்கப் பாரத்தைத் தாங்குவது டோர்ஷன் பார், ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகிக் கொடுக்கும் இரும்புக் கம்பி. அதன் பின்முனை பூட்டுகிற குறுக்குச் சட்டத்திலும் பட்டியைத் தேய்த்து விட்டிருந்தார்கள், உள்ளே வெடிப்பு. ஓடும்போது அது விட்டிருந்தால் முன்பக்கம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். கதவு பூட்டாதது சில்லறை விஷயம். இது ஆளைக் கொல்லுகிற வேலை.

ஆகவே, நீங்கள் பூச்சில்லாத வெல்டிங்கைக் கண்ணால் பார்க்கும் வரை தார் பூச விடாதீர்கள். முற்பணம் கொடுக்கும்போதே அதைச் சொல்லுங்கள். முகம் மாறினால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஏற்கனவே பூசியிருந்தால் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள், நல்ல இரும்பு கணீரென்னும், பட்டி பொத்தென்னும். காந்தமும் உதவும், ஆனால் மெல்லிய தகட்டிலும் அது ஒட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு வைத்துக் கட்டுகிறார்களா, சட்டத்தை மூலைக்கு மூலை அளக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டும் செய்யாதவருக்குச் சேசி வேலை தெரியாது. "முழுச் சேசியாகவே வேறொன்று போட்டுத் தாறன்" என்று சொன்னால், வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கத்தை என்ன செய்வார் என்று முதலில் கேளுங்கள். விற்கப் போகும் நாளில் அது உங்கள் தலையில்தான் விடியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். படங்கள் இருக்கின்றன, அந்தப் பேப்பரும் இருக்கிறது. இடிக்கிற இடம் பில். அதில் "அடி வேலை, பெயின்ட்" என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தச் சட்டம், எத்தனை அடி, என்ன தடிப்புத் தகடு என்று உங்கள் பில்லில் எழுதி வாங்குங்கள்.