1,000 லிட்டர் எரிவாயுக் கலன்: தொட்டி தரம், அடுப்பை மாற்ற வேண்டும்

சமையலறைக் கழிவை நொதிக்க வைத்து எரிவாயு எடுக்க விற்கும் 1,000 லிட்டர் மிதவை டிரம் கலன்களில் நீர் உறை உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். சாதாரண வகையில், வாயு சேரும் கவிழ்த்த டிரம் நேராகக் கழிவுக் கரைசலிலேயே மிதக்கும். சுற்றியுள்ள இடைவெளி வழியே வாயு வீணாகும், நாற்றமும் வரும். நீர் உறையில் டிரம்மின் விளிம்பு தனி நீர் வளையத்தில் அமிழ்ந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. வளையத்தில் கொசு முட்டையிடும். நீர்மேல் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் போதும்.

பலவீனம் அழுத்தத்தில்தான். 1 மீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் டிரம் 20 கிலோ இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 2.5 செ.மீ. நீர்மட்டம் (அவ்வளவு உயர நீர் தரும் அழுத்தம்) மட்டுமே. சுடர் சோர்ந்து எரியும். டிரம்மின் மேல் 8 கிலோ கூட்டினால் ஏறக்குறைய 1 செ.மீ. ஏறும், 40 கிலோ வைத்தால் 7.5 செ.மீ. எடையைச் சமமாகப் பரப்ப வேண்டும், ஒரு பக்கம் கூடினால் டிரம் சாய்ந்து சிக்கிக்கொள்ளும்.

கூடவே வரும் அடுப்பு பெரும்பாலும் சிலிண்டர் அடுப்புதான். சிலிண்டர் வாயு 30 செ.மீ. அழுத்தத்தில் வருவது. இங்கே அழுத்தமும் குறைவு, மீத்தேனும் 60 சதவீத அளவுதான். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அதனால் வாயு பீறிட்டு வரும் ஜெட் துளை பெரிதாக, காற்று வழி சிறிதாக உள்ள சாண எரிவாயு அடுப்பே தேவை. சுடர் பர்னரை விட்டு எழும்பினால் காற்று அதிகம், மஞ்சளாகப் புகைந்தால் குறைவு.

முதல் நாளே கழிவைக் கொட்டக் கூடாது. புதுச் சாணத்தையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து நிரப்பி, இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். முதலில் சேரும் வாயு எரியாது, திறந்து விட்டுவிடுங்கள். பிறகு தினம் 1 கிலோவில் தொடங்கி மெல்ல 5 கிலோ வரை, நறுக்கி, அதே அளவு தண்ணீருடன். 5 கிலோவுக்கு அரை கனமீட்டர் வாயு, அதாவது ஒரு பர்னர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரியும். குளிர்காலத்தில் இது வெகுவாகக் குறையும்.

விருந்துச் சாப்பாட்டு மிச்சத்தை ஒரே நாளில் போட்டால் கரைசல் புளித்துப்போகும்: புளிப்பு வாடை, டிரம் எழும்பும், ஆனால் வாயு பற்றாது. பிஎச் (புளிப்பு கூடக் கூடக் குறையும் அளவு) 6.5க்குக் கீழே இறங்கியிருக்கும். கழிவை நிறுத்தி, சாணக் கரைசலும் சிறிது சுண்ணாம்பு நீரும் ஊற்ற வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், எலும்பு, நார், சோப்புத் தண்ணீர் உள்ளே போகவே கூடாது.

கலனுடன் தரப்படும் வாயு ஹோஸ் மெலிது, தொய்ந்த இடத்தில் வாயுவின் ஈரம் நீராகத் தேங்கும். சுடர் துடிப்பது அதனால்தான். 100க்கு 1 சரிவில் கெட்டிக் குழாய் போட்டு, தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் வால்வு வையுங்கள். இந்த வாயுவில் சிறிதளவு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு பித்தளையை அரிக்கும் என்பதால் குழாயில் இரும்பு நார் அடைத்து, அது கருத்ததும் மாற்ற வேண்டும். கசிவைச் சோப்பு நுரையால் மட்டும் சோதியுங்கள், கலனருகே தீக்குச்சி கிழிக்காதீர்கள்.