பாசியா, இரும்புக் குருணையா, வினாகிரியா? வன்னிச் சூட்டில் ஒரு பவளத்தொட்டி

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் 200 லீற்றர் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று நான்கு வருடமாக ஓடுகிறது. உள்ளே பொத்தான் போல விரியும் சோவந்திட், காளான் பவளம், தோல் பவளம், இரண்டு கோமாளி மீன். கல்லுப் பவளம் வைக்கவில்லை, அவை இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, கடலில் இருந்து பெயர்த்து எடுக்கக் கூடாது. புதிதாகத் தொட்டி வைக்கும் தம்பிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் ஏறிவிட்டது, எதைப் போட்டால் இறங்கும்?

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நைத்திரேற்று, பொசுபேற்று என்று படித்த அதே இரண்டும்தான், மீன் சாப்பாட்டிலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் சேருபவை. வயல் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். நைதரசன் பசளையான யூரியாவை அள்ளி வீசிவிட்டு பொஸ்பரஸ் பசளையான ரிஎஸ்பி போடாமல் விட்டால் பயிர் எவ்வளவுதான் எடுக்கும்? எது குறைவோ அதோடு வளர்ச்சி நின்றுவிடும், மற்றது எடுபடாமல் மிச்சமாகும். தொட்டியிலும் அப்படித்தான், பாசியோ பக்டீரியாவோ இரண்டையும் சேர்த்தே தின்னும், ஒன்று முடிந்துவிட்டால் மற்றது தேங்கி நிற்கும். ஆகவே 'எப்படிக் குறைப்பது' என்று கேட்கும் முன், எது ஏறியிருக்கிறது, மற்றது எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

நான் பிடித்து வைத்திருக்கும் அளவு: நைட்ரேட் லீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பொஸ்பேட் 0.03 முதல் 0.1. ரெட்ஃபீல்ட் விகிதம் என்று 16 நைதரசனுக்கு 1 பொஸ்பரஸ் என்பதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறவர்கள் உண்டு. கடலியலாளர் அல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் சொன்னது கடல் மிதவை உயிர்களின் உடம்பில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை, உங்கள் ரெஸ்ட் கிட் காட்டும் மில்லிகிராம் அல்ல. மில்லிகிராமுக்கு மாற்றினால் அது கிட்டத்தட்ட 10க்கு 1 ஆகிவிடும். நைட்ரேட் 5, பொஸ்பேட் 0.05 உள்ள நல்ல தொட்டி ஒன்றில் அதுவே 100க்கு 1. அந்த விகிதத்தைத் துரத்த வேண்டாம், இரண்டில் எதுவும் பூச்சியமாகாமல் இருந்தால் போதும்.

சரி, முதலில் இரும்புக் குருணை. இரும்பு ஒட்சைட்டுக் குருணையை ஒரு பையிலோ உருளையிலோ போட்டுத் தண்ணீரை ஓடவிட்டால் பொஸ்பேட் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இதைவிட வேகமானது எதுவும் நான் பாவித்ததில்லை, அந்த வேகம்தான் ஆபத்தும். நைட்ரேட்டை அது தொடவே தொடாது. இரண்டு வருடத்துக்கு முதல் என் தொட்டியில் பொஸ்பேட் 0.25, நைட்ரேட் 20. உறையில் எழுதியிருந்த முழு அளவையும் போட்டேன். மூன்றாம் நாள் பொஸ்பேட் பூச்சியம், நைட்ரேட் அதே 20. ஒரு கிழமைக்குள் சோவந்திட் எல்லாம் மூடிக்கொண்டன, தோல் பவளம் வெளிறியது, அப்புறம் மணலில் குமிழி பிடித்த மண்ணிறச் சளி படர்ந்தது. அதுதான் டைனோ (டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர்), அதைப் போக்க எனக்கு மூன்று மாதம் சென்றது. நைட்ரேட் கூடியும் பொஸ்பேட் வறண்டும் இருந்தால் சூட்டிலும் வெளிச்சத்திலும் பவளம் வெளிறும் அபாயம் கூடும் என்று இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எழுதியிருந்ததை அதன் பிறகுதான் வாசித்தேன். சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தொடும் வன்னியில் இது சின்ன விஷயம் இல்லை. இப்போது குருணை எடுத்தால் உறையில் சொன்ன அளவில் கால்பங்கு மட்டும், அதுவும் மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்துகொண்டு. பொஸ்பேட்டைப் பிடித்துப் படிய வைக்கும் லந்தனம் குளோரைட் திரவம் இதைவிடக் கடுமையானது, நுண்ணிய வடிதுணி இல்லாமல் ஊற்றினால் தண்ணீர் பால்போலக் கலங்கி மீனின் பூவை (செவுளை) அடைக்கும், வீட்டுத் தொட்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது வினாகிரி, அல்லது வொட்கா. காபனை ஊட்டினால் பக்டீரியா பெருகும், அது நைட்ரேட்டையும் கொஞ்சம் பொஸ்பேட்டையும் உறிஞ்சும், ஸ்கிம்மர் என்ற நுரை வடிக்கும் கருவி அந்தப் பக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளும். ஸ்கிம்மர் இல்லாவிட்டால் இந்த முறையை மறந்துவிடுங்கள். நைட்ரேட் 30, 40 என்று ஏறி பொஸ்பேட் ஓரளவுக்கு இருக்கும் தொட்டிக்கு இது பொருந்தும், ஏனென்றால் இறங்குவது பெரும்பாலும் நைட்ரேட்தான். 100 லீற்றருக்கு நாளுக்கு 0.1 மில்லிலீற்றர் வொட்காவில் தொடங்குவார்கள், வினாகிரி என்றால் அதன் எட்டு மடங்கு. தெளிந்த வெள்ளை வினாகிரியாக இருக்க வேண்டும், கள்ளு வினாகிரி வேண்டாம். எனக்கு இதில் இருக்கும் பயம் ஒட்சிசன். சூடான தண்ணீரில் ஏற்கெனவே ஒட்சிசன் குறைவு, பெருகிய பக்டீரியாவும் அதையே இழுக்கும், இரவில் கரண்ட் போனால் ஸ்கிம்மரும் பம்பும் நின்று விடியும்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய காலத்தில் நான் இதை முழுதாக நிறுத்திவிட்டேன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையில் இல்லாதவர் இதைத் தொடவே கூடாது.

என் மனசுக்குப் பிடித்தது பாசிதான். வலைப்பாட்டுக் கடலில் கயிற்றில் கட்டிப் பாசி வளர்க்கிறார்களே, அது தண்ணீரில் இருக்கும் சத்தை எடுத்து வளர்கிறது, வெட்டி எடுக்கும்போது அந்தச் சத்தும் கரைக்கு வருகிறது. அதையே தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியில் செய்கிறோம். நூல்போலச் சுருண்ட கீட்டோமோர்ஃபா பாசி நண்பரின் தொட்டியில் இருந்து ஒரு கைப்பிடி வாங்கினேன், பன்னிரண்டு வோட் விளக்கு ஒன்றை இரவில் மட்டும் போடுகிறேன். இரவில் பெரிய விளக்கு அணைந்திருக்கும் நேரம் பாசி ஒட்சிசன் விடும், பிஎச் விழுவதும் குறையும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாதியைப் பிய்த்து எடுத்து, நல்லதண்ணீரில் உப்புப் போக அலசி, தேசிமரத்தடியில் போடுகிறோம். குறை என்னவென்றால் மெதுவாக வேலை செய்யும், அதோடு நைட்ரேட் பக்கம் சாயும். கடற்பாசிகளின் உடம்பில் பொதுவாக ஒரு பொஸ்பரஸ் அணுவுக்கு முப்பது நைதரசன் அணு, அதாவது 20 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தின்றால்தான் 1 மில்லிகிராம் பொஸ்பேட் போகும். நைட்ரேட் தீர்ந்தால் பாசி வெளுத்துக் கரைந்து எடுத்ததை எல்லாம் திரும்பக் கக்கும். அப்படி வெளுக்கத் தொடங்கினால் மீன் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

தண்ணீர் மாற்றுவது மூன்றுக்கும் துணை, பொஸ்பேட்டுக்கு அது தனியாகப் போதாது. 20 வீதம் மாற்றினால் 0.20 பொஸ்பேட் 0.16 ஆகும், ஆனால் கல்லும் மணலும் பிடித்து வைத்திருப்பதை இரண்டு நாளில் திரும்ப விடும். முல்லைத்தீவுக் கடலில் கானில் எடுப்பவர்கள் மாரியில் எடுக்காதீர்கள், வயலும் குளமும் வான்பாய்ந்து வந்து கலக்கும். ஆவியாகிப் போனதை நிரப்ப வயலோரக் கிணற்றுத் தண்ணீர் என்றால் முதலில் நைட்ரேட் அளந்து பாருங்கள். தகரக் கூரையால் வழிந்த மழைத்தண்ணீரும் வேண்டாம், நாகம் (சிங்க்) கரைந்து வரும், பவளத்துக்கு அது நஞ்சு. ஆர்ஓ வடிகட்டியில் (நுண்சவ்வு வழியாக) சுத்தமாக்கிய தண்ணீர்தான் நம்பிக்கை.

அளப்பதில் ஒன்று சொல்லவேண்டும். பொஸ்பேட் 0.05க்கும் 0.1க்கும் இடையில் ரெஸ்ட் கிட்டின் நீலத்தைக் கண்ணால் பிரிப்பது எனக்கு முடியவில்லை, எண்ணாகவே காட்டும் ஹன்னா மீற்றருக்குக் காசு சேர்த்தேன். அதில் வரும் எண் லீற்றருக்கு மைக்ரோகிராம் பொஸ்பரஸ், 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் மில்லிகிராமில் பொஸ்பேட்: 20 என்று காட்டினால் 0.06.

ஆகவே இரண்டும் ஏறியிருந்தால் பாசி. நைட்ரேட் மட்டும் ஏறி, ஸ்கிம்மரும் பற்றரிப் பம்பும் இருந்தால் வினாகிரி, இல்லாவிட்டால் தண்ணீர் மாற்றம். பொஸ்பேட் மட்டும் 0.2க்கு மேல் போய் நைட்ரேட் 5க்குக் கீழே இருந்தால் பாசிக்குச் சாப்பாடு காணாது, அங்கேதான் குருணைக்கு வேலை, கால்பங்கு அளவில். இந்தக் கிழமை என் தொட்டியில் நைட்ரேட் 8, பொஸ்பேட் 0.06, குருணைப் பை வெளியே காய்ந்துகொண்டிருக்கிறது.