மேல்முதுகு வலி: மாத்திரையா, மசாஜா, ஊசியா, உடற்பயிற்சியா?

தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே, கை எட்டாத அந்த ஓரிடத்தில் வலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால் அது நாள்பட்ட வலி. அதற்குள் தைலம், மாத்திரை, மசாஜ், பெல்ட் என்று பலரும் ஒரு சுற்று வந்திருப்பார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கேட்கும், பிறகு வலி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் இவற்றை ஒப்பிடும்போது வலி குறைகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரம் குறைகிறது, அந்த இடைவெளியில் முதுகுக்குப் பலம் சேர்க்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சில வலிகள் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே வராது. திடீரென்று கிழிப்பதுபோல வரும் முதுகு வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வை ஆகியவற்றை வாயுப் பிடிப்பு என்று ஒதுக்கிவிடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கால் பலவீனமாவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவையும் அப்படித்தான். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, விழுந்தபின் தொடங்கிய வலி, படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தால் முதலில் மருத்துவரின் பரிசோதனை, பிறகுதான் மற்றதெல்லாம். சாப்பிட்டபின் வலது தோள்பட்டைக்குக் கீழே வரும் வலிக்குப் பித்தப்பைகூடக் காரணமாக இருக்கலாம்.

இன்னொரு குழப்பம் கழுத்து. கழுத்தின் கீழ்ப்பகுதி டிஸ்க்குகளில், அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுகளில், கோளாறு இருந்தால் வலி தெரியும் இடம் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு. கழுத்தை மெதுவாகப் பின்னால் சாய்த்து வலிக்கும் பக்கம் திருப்பும்போது அதே இடத்தில் வலி கூடினாலோ, கையில் மரமரப்பு வந்தாலோ, கழுத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். முதுகை எவ்வளவு அமுக்கினாலும் ஆறுதல் நிலைக்காமல் போவதற்கு இது முக்கியமான காரணம்.

மாத்திரையும் ஜெல்லும்

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சில மணி நேரம் வேலை செய்யும். வலி கூடும் சில நாட்களுக்கு இவை சரி, மாதக்கணக்கில் விழுங்குவதற்கு அல்ல. வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இதயச் சிக்கல் எல்லாமே அளவும் நாட்களும் கூடக்கூட அதிகரிக்கும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாரசிட்டமால் வயிற்றைப் பெரிதாகப் படுத்தாது, ஆனால் நாள்பட்ட முதுகு வலிக்கு அதனால் பெரிய பயனும் இல்லை. வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது உச்ச வரம்பு. ஜலதோஷ மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருப்பதால் தெரியாமலே அந்த அளவைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. வலி ஒரே இடத்தில் இருந்தால் டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல மாற்று, ரத்தத்தில் கலக்கும் மருந்து மிகக் குறைவு. ஜெல் தடவிய இடத்தில் சூடு மட்டும் வைக்கக் கூடாது.

ஒத்தடம், மசாஜ், ஊசி

மூன்றும் பிடிப்பைத் தளர்த்தத்தான். ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், துணி சுற்றி. சூட்டுப் பையின் மேல் படுத்துத் தூங்கிவிடுவதால் தோல் வெந்துபோவது அடிக்கடி நடக்கிறது. மசாஜின் பலன் பெரும்பாலும் சில நாட்கள்தான். சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, வலிக்கும் முடிச்சில் (தசை இறுகிக் கட்டியாகத் தட்டுப்படும் இடத்தில்) 60 முதல் 90 விநாடி சாய்ந்து நின்றால் அதில் பெரும்பகுதி வீட்டிலேயே கிடைக்கும். பந்து முதுகெலும்பின் மேல் படக் கூடாது.

முடிச்சில் குத்தும் ஊசி, மருந்தோடு இருந்தாலும் மருந்தில்லாத உலர் ஊசியாக இருந்தாலும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆறுதல் தரும். ஆனால் இந்த இடத்தில் விலா எலும்புகளுக்கு அடியிலேயே நுரையீரல் இருக்கிறது. அபூர்வமாக ஊசி அதைத் துளைத்துவிடும். குத்திய பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். தசை செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது, கழற்றியதும் தோள் பழையபடி முன்னால் விழுகிறது.

உடற்பயிற்சி

எல்லாவற்றிலும் மெதுவாகப் பலன் தருவதும் இதுதான், அதிக நாள் நிற்பதும் இதுதான். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே பலர் விட்டுவிடுவதால்தான் இதற்குக் கெட்ட பெயர்.

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்தால் நீளும் ரப்பர் பட்டையை) இழுக்கும் பயிற்சியைச் செய்யுங்கள். தொப்புள் உயரத்தில் அசையாத ஒன்றில் பேண்டை மாட்டி, இரு முனைகளையும் பிடித்து, முழங்கைகள் விலாவை உரசியபடி பின்னால் இழுக்க வேண்டும். 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் மெதுவாக விட வேண்டும். 10 முதல் 12 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருந்தால்தான் அளவு சரி. 15 முறை சுலபமாக வந்துவிட்டால் அரை அடி பின்னால் தள்ளி நிற்கலாம்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான்: இழுக்கும்போது தோள்கள் காதை நோக்கி ஏறுகின்றன. அப்போது ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் கழுத்தோரத் தசையே மறுபடியும் சுமக்கிறது, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைக்கு வேலையே இல்லை. பயிற்சி செய்தால் வலி கூடுகிறது என்று சொல்பவர்களில் பலர் இப்படித்தான் இழுக்கிறார்கள். கழுத்தை நீட்டி, மூச்சை வெளியே விட்டு, அதன் பிறகு இழுத்தால் தோள் கீழேயே நிற்கும். அப்படியும் ஏறினால் பேண்டின் இழுவை அதிகம், முன்னால் வந்து நில்லுங்கள்.

இதோடு, சுருட்டிய துண்டைத் தோள்பட்டைக்குக் கீழே குறுக்காக வைத்துப் படுத்து, கைகளால் தலையைத் தாங்கி, மூச்சை விட்டபடி 8 முறை பின்னால் வளையலாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்.

பயிற்சியின்போது 10க்கு 3, 4 அளவு வலி இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை. அதற்கு மேல் நீடித்தால் சுற்றுகளைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம்.

எங்கள் வரிசை இது: காலையில் ஒத்தடம், தளர்ந்ததும் பயிற்சி, வலி கூடும் நாட்களில் மட்டும் ஜெல். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் முழங்கைக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். கைகளின் மொத்த எடையும் நாள் முழுக்கத் தோள் தசையில் தொங்குவது அதனால் நிற்கும். அரை மணிக்கொரு முறை எழுந்து நிற்க வேண்டும். இதைச் சரியாகச் செய்து 12 வாரம் கழித்தும் மாற்றமே இல்லையென்றால், பயிற்சியைக் கூட்டாமல், கழுத்தையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் போங்கள். எம்ஆர்ஐயில் டிஸ்க் தேய்மானம் என்று வந்தால் உடனே அறுவை சிகிச்சை என்று கலங்க வேண்டாம். வலியே இல்லாதவர்களின் படங்களிலும் அது சர்வசாதாரணம். தண்டுவடமோ நரம்போ அழுந்தும் அறிகுறிகளோடு அந்தப் படம் பொருந்தும்போதுதான் அந்தப் பேச்சு எழும்.