கோல்டு ஏர் இன்டேக்கும் நம்ம ஊர் மழையும்: பல வருடம் ஓட்டிய பிறகு

பெட்ரோல் காரில் கம்பெனி ஏர் பாக்ஸை (காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டி) கழற்றிவிட்டு, இன்ஜின் சூட்டுக்கு வெளியே இருந்து குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாயும் ஃபில்டருமான கோல்டு ஏர் இன்டேக் போட்டு, புதுச்சேரி–கடலூர் சாலையில் பல மழைக்காலம் ஓட்டியாகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் மேல் மாட்டும் தண்ணீர் ஒட்டாத உறை சாரலுக்குத்தான். தேங்கிய தண்ணீரில் ஃபில்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு.

டேப் எடுத்து, தரையிலிருந்து ஃபில்டரின் அடிவிளிம்பு வரை அளந்து பாருங்கள். 185/65 R15 டயர் போட்ட காரில் சக்கர மையம் ஏறக்குறைய 30 செ.மீ. பம்பருக்குப் பின்னால் தொங்கும் கோன் ஃபில்டர் பல கார்களில் அந்த மட்டத்தை ஒட்டியே இருக்கும். இந்திரா காந்தி சதுக்கத்திலோ கடலூர் லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையிலோ முழங்கால் தண்ணீர் நின்றால், கார் தள்ளும் அலை அதற்கும் மேலே ஏறும். எதிரே பஸ் வந்தால் இன்னும் மோசம்.

உள்ளே எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து? 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 300 சி.சி. கம்ப்ரஷன் 10:1 (உள்ளே போனது பத்தில் ஒரு பங்காக அமுங்குவது) என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 33 சி.சி.தான். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். 3000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 25 தடவை உறிஞ்சுகிறது. சுதாரிக்க நேரமே கிடைக்காது.

அதனால் ஐப்பசி பிறந்ததும் கீழ்க் குழாயைக் கழற்றிவிடுவதே சரி. இரண்டு துண்டாக வரும் கிட்டில் நடு ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி, கீழ்த் துண்டை உருவி, ஃபில்டரை மேல் குழாயிலேயே மாட்டலாம். இரண்டு குழாயும் ஒரே விட்டமா என்று முதலில் பாருங்கள் (பெரும்பாலும் 2.75 அல்லது 3 அங்குலம்). ஃபில்டர் பேட்டரி முனையிலோ ஃபேனிலோ உரசக்கூடாது. இன்ஜின் சூட்டில் இழுவை கொஞ்சம் குறையும், மழையில் அது பெரிதாகத் தெரியாது. ஒரே துண்டு கிட் என்றால் பழைய ஏர் பாக்ஸையே திரும்பப் போடுங்கள். ஃபெண்டர் லைனர் (சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு) கிளிப் ஒன்றுகூட விடுபடக்கூடாது. டயர் அடிக்கும் தண்ணீர் அந்த இடுக்கில்தான் ஏறும்.

உறையை அக்டோபரில் மாட்டி ஜனவரியில் கழற்றினால் போதும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் தூசி ஈரத்தோடு சேர்ந்தால் உறையின் நுண்துளைகள் அடைத்து இன்ஜின் திணறும். குளிர்ந்த தண்ணீர், லேசான சோப்பு, நிழலில் உலர்த்தல். மேலே சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உருண்டு ஓடினால் நல்லது, ஊறினால் மாற்றுங்கள். பிளாஸ்டிக் பை சுற்றுவது வேண்டவே வேண்டாம், காற்றே போகாது. எண்ணெய் விடும் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரில் படியும். இங்கே எண்ணெய் தேவைப்படாத உலர் ஃபில்டரே எனக்குப் பிடித்தது.

கடற்காற்றில் சாதா கிளிப் துருப்பிடித்துத் தளரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிவிடுங்கள். பாக்ஸ் வைத்த கிட் என்றால் ஃபில்டருக்கு முன்பக்கம், அடியில் 6 மி.மீ. வடிகால் துளை போடலாம். சென்சாருக்குப் பிறகு குழாயில் துளை போட்டால் கணக்கில் வராத காற்று புகுந்து செக் இன்ஜின் விளக்கு எரியும். ஃபில்டர் மூழ்கினால் திறந்து வேறு வழியில் காற்று விடும் பைபாஸ் வால்வு, டர்போ இல்லாத இன்ஜினுக்கு மட்டும். அதுவும் ஃபில்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழை மாதிரி, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டினால் எந்த கிட்டும் தாங்காது. வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக் எல்லாம் கழற்றி, கையால் கிராங்கைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றச் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஷூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுத்து, இன்டேக் மாற்றியதையும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் கிடைப்பதில்லை.