எண்ணெய், மருந்து, ஊசி, நடவு: முடி கொட்டும்போது எதற்குப் போவது?

போன ஆடியில் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா என் கடைக்கு வந்தார். கோத்தகிரியில் மருந்தாளுநராக இருக்கிறேன். கையில் இருந்த பாலித்தீன் பையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சுருட்டி வைத்த முடி.

"சீப்பு வச்சாலே கொத்துக் கொத்தா வருது தம்பி. புதுசா போர் தண்ணி விடுறாங்க, அதனாலயா?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் ஏதும் வந்துச்சாக்கா?"

"சித்திரையில டைபாய்டு. பத்து நாள் எந்திரிக்கல."

காரணம் அந்தப் பத்து நாள்தான். நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, பிறகு மூன்று மாதம் போல ஓய்வெடுத்து உதிர்கிறது. தினம் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது போன்ற அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும்பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து விழும். அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம், தண்ணீர் மேல் சந்தேகம் வரும். ஆனால் வேர் சாகவில்லை. காரணம் விலகிவிட்டால் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது பெரும்பாலும் அடங்கி, முடி திரும்ப முளைக்கிறது.

அந்த அக்கா அதற்குள் ஊட்டி சாலையோரம் மூன்று பாட்டில் மூலிகை எண்ணெய் வாங்கியிருந்தார். மார்கழியில் நெற்றி ஓரம் குட்டை குட்டையாகப் புதுமுடி தெரிந்தது. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று நம்புகிறார். பக்கத்து லைன் வீடுகளுக்கும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார். எண்ணெய் வாங்காமல் இருந்திருந்தாலும் அந்த முடி முளைத்திருக்கும். நான் வற்புறுத்தியது இரத்தச் சோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு சோதனையைத்தான். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடியைக் கொட்டச் செய்யும். அப்படி இருந்தால் அதற்கு மருந்து எடுக்காமல் தலையில் எதைத் தேய்த்தும் பயனில்லை.

எண்ணெயே வீண் என்று சொல்ல வரவில்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. முடி உடைவது குறையும். இந்தக் குளிரில் அது பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், வெந்நீரில் வைத்து எடுத்துத் தேய்த்தால் போதும். ஆனால் வழுக்கையில் வேர் சுருங்குவதை அது நிறுத்தாது. நீலகிரித் தைலத்தை அப்படியே தலையில் தேய்ப்பவர்களையும் பார்க்கிறேன். நீர்க்காத தைலம் தோலைப் புண்ணாக்கும், வேண்டாம்.

இனி இரண்டாவது வகை, பரம்பரை வழுக்கை. ஆண்களுக்கு நெற்றி இரு பக்கமும் ஏறும், உச்சி தெரியும். பெண்களுக்கு வகிடு அகலமாகும். கொத்தாக விழாது, வருடக்கணக்கில் முடி மெலிந்து பூனைமுடியாகும். பரம்பரை வாகு உள்ள ஆண்களின் வேர்களை டிஹெச்டி என்ற ஹார்மோன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. முதல் வகையில் காத்திருப்பதே பாதி மருந்து. இதில் காத்திருந்தால் இழப்புதான். முழுக்கச் சுருங்கிப்போன வேரை மருந்தால் எழுப்புவது மிகக் கடினம். ஆகவே மருந்துகளை எடைபோட வேண்டியது இந்த வகைக்குத்தான்.

முதலில் மினாக்ஸிடில். இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 சதவீதம், ஒரு வேளைக்கு ஒரு மில்லி, தினம் இரு வேளை. 60 மில்லி பாட்டில் ஒரு மாதம் வரும். பாதிப் பேர் இதைக் கைவிடும் நேரம்தான் எனக்கு வருத்தம். தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். ஓய்வில் இருந்த பழைய முடியைப் புதிது தள்ளுகிறது, பெரும்பாலும் அது மருந்து வேலை செய்யும் அறிகுறி. அந்த நேரத்தில் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெய்க்குத் திரும்புகிறார்கள். நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகலாம். நிறுத்தினால் வந்த முடி சில மாதங்களில் போய்விடும். தலை அரித்தால் நுரை வடிவம் கேளுங்கள், திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் அதில் இருக்காது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொட வேண்டாம். அப்புறம், வீட்டில் பூனை இருந்தால் கவனம். இந்த மருந்து பூனைக்குக் கடும் விஷம். தலையணையை நக்கினால்கூட ஆபத்து.

ஃபினாஸ்டரைடு மாத்திரை போகும் வழி வேறு. மினாக்ஸிடில் முடியை வளரத் தூண்டுகிறது, இது சுருக்கும் டிஹெச்டியையே மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஏறும் நெற்றியை நிறுத்துவதில் என் ஓட்டு இதற்குத்தான். இரண்டையும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் சிலருக்குப் பாலியல் ஆர்வம் குறைகிறது, சிலர் மனச்சோர்வு சொல்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் தர மாட்டேன். எடுப்பவர்கள் இரத்த தானம் செய்யக் கூடாது. புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ என்ற இரத்தச் சோதனையின் அளவை இது ஏறக்குறைய பாதியாகக் காட்டும், சோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பமான பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி கெடலாம்.

பிஆர்பி என்பது நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. மாதம் ஒன்றாக மூன்று நான்கு தடவை, பிறகும் அவ்வப்போது. சிலருக்கு முடி அடர்கிறது. ஆனால் தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் ஒருவருக்கு வந்த பலனை இன்னொருவருக்கு எதிர்பார்க்க முடியாது. நம் ஊரில் இருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை போய்த் திரும்ப வேண்டும். அந்த நாள் கூலியும் பஸ் செலவும் சேர்த்துப் பார்த்தால், மருந்தோடு கூடுதலாகச் செய்யலாமே தவிர மருந்துக்குப் பதிலாக அல்ல.

நடவு, அதாவது முடி மாற்று அறுவை சிகிச்சை, பின்தலையில் இருக்கும் வேரை முன்னால் மாற்றி வைப்பது. பின்தலை முடி டிஹெச்டிக்கு அவ்வளவாக அசையாது, இடம் மாறினாலும் அந்தக் குணம் மாறாது. தோலைக் கீற்றாக வெட்டி எடுத்தால் பின்னால் கோடாகத் தழும்பு இருக்கும். ஒவ்வொரு வேராக எடுத்தால் புள்ளித் தழும்புகள். நட்ட முடி சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, நிறைவாகத் தெரிய ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். பின்தலைக் கையிருப்பு குறைவு, ஒருமுறை எடுத்த வேர் அங்கே திரும்ப முளைக்காது. சுற்றியுள்ள பழைய முடி தொடர்ந்து மெலியும் என்பதால் நடவுக்குப் பிறகும் மருந்து வேண்டும். "ஒரே தடவை, வாழ்நாளுக்கும் கவலையில்லை" என்ற பேச்சை நம்பி 22 வயதில் படுத்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. வழுக்கை எதுவரை போகும் என்றே அப்போது தெரியாது. பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லியிருக்கிறது. யார் கத்தியைப் பிடிக்கப் போகிறார் என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.

காசு அளவுக்கு வட்டமாக முடி போயிருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. புழுவெட்டு என்கிறோம், புழு எதுவும் இல்லை. நம் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. பலருக்குத் தானாக முளைக்கும், இல்லாவிட்டால் தோல் மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். குழந்தைக்குச் செதிலோடு வட்டம் வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

சென்ற கார்த்திகையில் ஒரு தம்பி வந்தான். வயது 27, தை கடைசியில் கல்யாணம். கோவையில் நடவுக்கு முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னான். நாட்காட்டியை எடுத்து வைத்து அவனோடு சேர்ந்து எண்ணினேன். இப்போது நட்டால் மணமேடையில் நட்ட முடி உதிர்ந்த தலையோடுதான் உட்கார வேண்டியிருக்கும். மருந்தும் அதற்குள் பெரிதாகக் காட்டாது. சரி அண்ணே, கல்யாணத்துக்குக் குட்டையாக வெட்டிக்கொள்கிறேன் என்றான். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் உச்சியையும் நெற்றியையும் அவன் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் இதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுக்கச் சொல்லி, தோல் மருத்துவரைப் பார்க்க ஊட்டிக்கு அனுப்பினேன்.