சுண்டெலி எம்எம்பி-9 நொதி: நான்கு வருடம் பயன்படுத்திய அனுபவம்

எங்கள் ஆய்வு முழுக்கச் சுண்டெலிகளில் காயம் ஆறுவதைப் பற்றியது. அதற்காக ரீகாம்பினன்ட் (மரபணுவைச் செல்களில் புகுத்தித் தயாரித்த) சுண்டெலி எம்எம்பி-9 (ஜெலட்டின் போன்ற புரதங்களை வெட்டும் நொதி, ஜெலட்டினேஸ் பி என்றும் சொல்வார்கள்) வாங்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. 10 மைக்ரோகிராம் வையல் (சிறு குப்பி), உறைந்த கரைசலாக வரும். முதல் ஆறு மாதம் இந்த நொதி சரியில்லை என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அதை இப்போது திருத்திச் சொல்ல வேண்டும். பிரச்சினை பெரும்பாலும் நாங்கள் கையாண்ட விதத்தில்தான் இருந்தது.

முக்கியமானது ஆக்டிவேஷன், அதாவது நொதியைச் செயல்பட வைப்பது. வையலில் இருப்பது புரோ வடிவம், அதாவது இன்னும் செயல்படாத முன்வடிவம், அப்படியே போட்டால் வேலை செய்யாது. அதன் முன்பகுதியில் உள்ள ஒரு சிஸ்டீன் (அமினோ அமிலம்), வினை நடக்கும் இடத்துத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வழியை அடைத்திருக்கும். 1990-இல் வான் வார்ட்டும் பிர்கெடால்-ஹான்சனும் முன்வைத்த 'சிஸ்டீன் சுவிட்ச்' இதுதான். ஏபிஎம்ஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து 37 டிகிரியில் வைத்தால் அந்தப் பிடி விடும். இதே குடும்பத்து எம்எம்பி-2-க்கு ஒரு மணி நேரம் போதும் என்ற பழக்கத்தில் இதையும் சீக்கிரமே எடுத்துவிட்டேன், நொதியின் வேலையை அளக்கும் ப்ளேட் ரீடரில் கோடு படுத்தே கிடந்தது. இதற்கு 1 மில்லிமோலார் ஏபிஎம்ஏ-வில் 24 மணி நேரம் வேண்டும். அப்படி வைத்த அன்றுதான் சிக்னல் ஏறுவதை முதல்முறையாகப் பார்த்தேன். ஏபிஎம்ஏ பாதரசச் சேர்மம், தயவுசெய்து சிங்கில் ஊற்றாதீர்கள், கழிவைத் தனி பாட்டிலில் சேருங்கள்.

அடுத்தது பஃபர், அதாவது நொதியைக் கரைக்கும், பிஎச் மாறாத கரைசல். கைக்கு எட்டியது பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) என்று அதில் கரைத்துப் பார்த்தோம், அது பெரிய தப்பு. இந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும், பிபிஎஸ்-இல் இருக்கும் பாஸ்பேட் அந்தக் கால்சியத்தையே வீழ்படிவாக்கிவிடும். 50 மில்லிமோலார் டிரிஸ், 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 0.05 சதவீதம் பிரிஜ்-35 (சோப்பு போன்ற பொருள்), பிஎச் 7.5, இதை விட்டு இப்போது நாங்கள் நகர்வதில்லை. பிரிஜ்-ஐ விட்டுவிட்டால் நீர்த்த கரைசலில் இருக்கும் கொஞ்ச நொதியும் ட்யூப் சுவரில் ஒட்டிக்கொள்ளும். திசுச் சாறு எடுக்கும்போது வழக்கம்போல ஈடிடிஏ சேர்த்திருந்தால், கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்ளும் அதுவும் நொதியை முடக்கிவிடும், இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது.

ஸைமோகிராம் (ஜெலட்டின் கலந்த ஜெல்லில் நொதியை ஓட்டி, அது வெட்டிய இடத்தைச் சாயமிட்டுப் பார்க்கும் சோதனை) மட்டும் செய்கிறவர்களுக்கு இந்த ஆக்டிவேஷன் வேலையே தேவையில்லை. ஜெல்லில் உள்ள எஸ்டிஎஸ் என்ற சோப்புப்பொருள் நொதிப் புரதத்தை விரித்து அந்தச் சிஸ்டீன் பிடியை விடுவிப்பதால், ட்ரைட்டான் என்ற மென்மையான சோப்புக் கரைசலில் கழுவிய பிறகு புரோ வடிவமே ஜெலட்டினை வெட்டும்; நீலப் பின்னணியில் தெளிந்த பட்டை ஏறத்தாழ 105 கிலோடால்டன் (புரத எடையின் அளவு) பக்கம் தெரியும். மனித எம்எம்பி-9 என்றால் 92, அதனால் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் குழப்பம்தான் வரும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த மாணவி வெஸ்டர்ன் பிளாட் (குறிப்பிட்ட புரதத்தைக் கண்டறியும் வேறு சோதனை) ஞாபகத்தில் சாம்பிளை மெர்காப்டோஎத்தனாலோடு கொதிக்க வைத்துவிட்டார், நொதி மீள முடியாமல் கெட்டு ஜெல் முழுக்க நீலம். பாவம், மூன்று நாள் உழைப்பு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் விட்டது எங்கள் தவறு.

சேமிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்த அன்றே சிறு சிறு அலிக்வாட்டாக (ஒருமுறைக்கு வேண்டிய பங்காக) பிரித்து மைனஸ் 70-இல் போடுங்கள், அதன்பின் உருக்கிய அலிக்வாட்டைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஆக்டிவேட் செய்ததை அன்றே பயன்படுத்திவிடுவோம், வைத்திருந்தால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு குறைந்துபோகும். ஒருமுறை பார்சலில் உலர்பனி முழுவதும் தீர்ந்துபோய் வந்தது, வையல் தண்ணீராக இருந்தது. படம் எடுத்து அனுப்பிச் சண்டை போட்ட பிறகுதான் மாற்றித் தந்தார்கள். அதனால் பெட்டியை உடனே திறந்து பாருங்கள்.

விலை அதிகம்தான், ஆய்வு மாணவர்களின் நிதிக்கு வலிக்கும். ஆனாலும் சுண்டெலி மாதிரியில் வேலை செய்கிறீர்கள் என்றால் மனித நொதியை வாங்கிச் சமாளிக்காதீர்கள். மனிதருக்கென்று செய்த ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அடையாளம் காட்டும் பொருள்) பல நேரம் சுண்டெலிப் புரதத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை, கன்ட்ரோல் (ஒப்பிட வைக்கும் சாம்பிள்) வேறு இனம் என்றால் பட்டையின் அளவும் ஒத்துவராது. புது லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போதெல்லாம் பழைய லாட்டில் கடைசி ஒரு அலிக்வாட்டை மிச்சம் வைத்து, ஒரே ப்ளேட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். இதுவரை வந்த லாட்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வையலுக்கும் இதையேதான் ஆர்டர் போட்டிருக்கிறேன்.